கடன் வாங்கிக் காணிக்கை செலுத்தலாமா?

வேத பாடம்: 2 இராஜாக்கள் 4:1-7; மாற்கு 7:9-13; 2 கொரிந்தியர் 8:10-15





இந்தச் செய்தி மடலில் நாம் வழக்கமாக "கொடுங்கள்" என்று எழுதுகிறோம். உங்கள் கொடைகளினாலேயே ஏழை நோயாளிகளின் படுக்கைகள் நிற்கின்றன என்பதை மறந்துவிடவில்லை. ஆனாலும் இந்த மாதப் பாடத்தில், உங்களில் சிலர் சில காலத்துக்கு எங்களுக்குக் கொடுக்காமல் இருப்பதே தேவனுக்குப் பிரியமானது என்று எழுத வேண்டியவர்களாயிருக்கிறோம். காரணத்தைச் சொல்லுகிறோம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஊரும் பேரும் இல்லாமல் எழுதுகிறோம்.

ஒரு காலை வேளையில் பிரசவ வார்டில் ஜெபித்துக்கொண்டு வந்தோம். ஆபரேஷன் மூலம் ஆண் குழந்தையைப் பெற்றிருந்த இளம் தாய் ஒருத்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். குழந்தைக்குச் சுகமில்லையோ என்று பயந்து விசாரித்தோம். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. அவள் கணவன் பில் கட்ட வழியில்லாமல் கேஷ் கவுண்டருக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். "அவசரத்துக்கு வைக்க நகை ஒன்றும் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டோம். அவள் சொன்ன பதில் இன்றுவரை எங்கள் காதில் இருக்கிறது.

"என் சங்கிலி அடுத்த வார்டுக் கட்டிலிலே இருக்குதய்யா" என்றாள்.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பிறகு விளங்கிற்று. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவமனை ஞாயிறு ஆராதனையில் அவளுடைய மாமனார், காலஞ்சென்ற தம் மனைவியின் ஞாபகமாக ஒரு கட்டிலுக்கு 50,000 ரூபாய் தருவதாக எழுதிக் கொடுத்தார். கையில் பணம் வந்துசேரவில்லை. சபையார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்பட்டுவிட்டது. வாக்குத் தவறக் கூடாதென்று மருமகளின் சங்கிலியை வாங்கிக் கடைத்தெருவில் அடகு வைத்துக் கொண்டுவந்து கட்டினார். இரண்டு வட்டி. மூன்று வருஷத்தில் வட்டியாக மட்டும் 36,000 ரூபாய் போயிருந்தது. அசல் அப்படியே நின்றது. மாமியார் பெயர் எழுதிய பலகையோடு கட்டில் எங்கள் வார்டில் இருக்கிறது. மருமகளின் கழுத்தில் மஞ்சள் கயிறு மாத்திரம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தவர்கள் யாரென்று கேட்கிறீர்களா? நாமேதான். "கையில் இல்லாவிட்டாலும் விசுவாசத்தோடு எழுதிக் கொடுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று அன்று சொன்னோம். ஆகையால் இந்தப் பாடத்தை உங்களுக்குக் கற்பிக்கிறவர்களாக மட்டுமல்ல, நாமும் கற்றுக்கொண்டவர்களாக எழுதுகிறோம்.

1. அவள் மறைக்கவில்லை

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் வருகிற விதவை ஒரு தீர்க்கதரிசியின் வீட்டுக்காரி. அவள் புருஷன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். அப்படியிருந்தும் கடனோடு செத்துப்போனான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். இது ஏதோ பழைய காலத்துக் கதை என்று எண்ண வேண்டாம். நம் தேசத்தில் கொத்தடிமை முறையை ஒழிக்கிற சட்டம் 1976-ல்தான் வந்தது.

ஊழியக்காரனின் வீட்டிலும் கடன் உண்டு என்று வேதம் ஒளிக்காமல் சொல்லுகிறது. கடன்பட்டவர்கள் எல்லாரும் ஊதாரிகள் அல்ல. வியாதி, மழை பொய்த்தல், வேலை போகுதல், பிள்ளைகளின் படிப்பு இவைகளால் நேர்மையான குடும்பங்களும் கடனில் விழுகின்றன. எனவே கடன்பட்ட விசுவாசியைப் பார்த்து "விசுவாசக் குறைவு" என்று யாரும் சொல்லத் துணியக் கூடாது.

அந்த ஸ்திரீ செய்த முதல் காரியம், எலிசாவிடம் போய் வாய்விட்டுச் சொன்னதே. நம் வீடுகளில் இது நடப்பதில்லை. புருஷன் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி வாங்கிய வாரக் கடன் புருஷனுக்குத் தெரியாது. இரண்டும் ஆஸ்பத்திரி கேஷ் கவுண்டரின் முன்னால்தான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. வியாதிக்காரனின் தலைமாட்டில் நின்று குடும்பம் சண்டையிடுவதை நாம் அநேகந்தரம் பார்த்திருக்கிறோம். வீட்டிலே சொல்லப்படாத கடன், வட்டியோடு அவநம்பிக்கையையும் குட்டி போடுகிறது.

2. வீட்டில் இருந்ததை எண்ணினாள்

எலிசா அவளுக்கு உடனே பணம் கொடுக்கவில்லை. வீட்டிலே என்ன மீந்திருக்கிறது என்று விசாரிக்கிறான். ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை என்கிறாள். அற்புதம் கணக்கிலிருந்து துவங்குகிறது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானோ என்ற பொருளில் நம் ஆண்டவரும் போதித்தார் (லூக்கா 14:28). கணக்குப் பார்ப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்று நினைப்பவர்கள் இந்த வசனத்தைத் திரும்ப வாசிக்கட்டும்.

நாம் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். "இரண்டு வட்டிதானே" என்று எளிதாகச் சொல்லுகிறோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 ரூபாய். 50,000 ரூபாய்க்கு வருஷ வட்டி 12,000 ரூபாய். அசலைத் தொடாமல் நான்கு வருஷமும் இரண்டு மாதமும் வட்டி மட்டும் கட்டினால், வாங்கிய 50,000 ரூபாயை வட்டியாகவே கொடுத்துத் தீர்த்திருப்போம். அப்போதும் அசல் நம்மைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கும். அதே நகையை வருஷம் நூற்றுக்கு 10 வட்டி வாங்கும் ஒரு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்தால் வருஷ வட்டி 5,000 ரூபாய்தான். மாதம் 3,000 ரூபாய் வீதம் கட்டிவந்தால் சுமார் 18 மாதத்தில் அசலும் வட்டியும் தீர்ந்து நகை வீட்டுக்கு வந்துவிடும்.

தண்டலும் மீட்டர் வட்டியும் இதைவிடக் கொடியவை. அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்ய நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் இருக்கிறது. மிரட்டலுக்கு உட்பட்டவர்கள் வெட்கப்பட்டு வாய் மூடியிராமல் காவல் நிலையத்துக்கோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ போகலாம். போகத் துணையில்லாதவர்களுக்குச் சபையிலுள்ள மூப்பர் ஒருவர் துணையாகப் போவதும் ஊழியமே.

3. அயலகத்தார் பாத்திரம் கொடுத்தார்கள்

அந்த விதவை தன் அயலகத்தார் எல்லாரிடத்திலும் வெறும் பாத்திரங்களை இரவலாய் வாங்கினாள். எண்ணெய் கர்த்தருடையது, பாத்திரம் அயலாருடையது. பாத்திரங்கள் தீர்ந்தபோது எண்ணெயும் நின்றுபோயிற்று. ஆகவே ஒரு குடும்பத்தின் விடுதலை, அக்கம்பக்கத்தார் எத்தனை பாத்திரம் கொடுக்கிறார்கள் என்பதையும் பொறுத்திருக்கிறது.

இதை விளங்கிக்கொண்ட ஒரு கிறிஸ்தவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். ஜெர்மனி தேசத்தில் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ராய்ஃபைசன் என்ற பக்தியுள்ள மனிதர் 1845-ல் ஒரு சிறு வட்டாரத்தின் மேயரானார். 1846-47 குளிர்காலத்துப் பஞ்சத்தில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். வசதியுள்ளவர்களின் தர்மம் மட்டும் ஏழை விவசாயியை வட்டிக்காரனிடமிருந்து நிரந்தரமாக மீட்காது என்பதை அனுபவத்தில் கண்டார். ஒரே ஊராராய், ஒருவரையொருவர் அறிந்தவர்களாய், ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்றுச் சேமித்துக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கும் சங்கத்தை 1864-ல் அமைத்தார். அன்பு என்பதை அவர் கணக்குப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்.

அந்த விதை நம் மண்ணுக்கும் வந்தது. சென்னை மாகாண அரசாங்கம் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் விவசாயக் கடன் முறைகளை ஆராயும்படி 1892-ல் நியமித்தது. 1895-லும் 1897-லும் வெளிவந்த தமது அறிக்கைகளில், ராய்ஃபைசனைப் போன்ற மனிதர்களே நமக்குத் தேவை என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் ஒரு சங்கம் பதிவாயிற்று. இன்று நம் கிராமங்களில் நகைக் கடனுக்கு நாம் போய் நிற்கிற கூட்டுறவுச் சங்கத்தின் வேர் அந்த விசுவாசியின் வீட்டுவாசல் வரை போகிறது. சபைகளில் மகளிர் சங்கத்தார் நடத்தும் சிறுசேமிப்புக் குழுக்களும் இதே வேலையைச் செய்யக் கூடும்.

4. முதலில் கடனைத் தீர்த்தாள்

எண்ணெய் நிரம்பினதும் அவள் தேவனுடைய மனுஷனிடத்தில் ஓடி வருகிறாள். நாமாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "முதல் பாத்திரத்தை ஊழியத்துக்குக் கொடு" என்று சொல்லியிருப்போமோ என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். எலிசா அப்படிச் சொல்லவில்லை. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்க்கவும், மீந்ததைக் கொண்டு தாயும் பிள்ளைகளும் பிழைக்கவும் கட்டளையிட்டான். தனக்கென்று ஒரு குடமும் கேட்கவில்லை. கடனைத் தீர்ப்பதும் பிள்ளைகளைப் போஷிப்பதும் தேவனுக்குச் செய்யும் ஆராதனைக்கு வெளியே நிற்கிற காரியங்கள் அல்ல.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் இன்னும் கடினமாய்ப் பேசுகிறார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குரிய காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை அவர் கடிந்துகொண்டார். வீட்டாருக்குரியதைப் பறித்து ஆலயத்துக்குக் கொடுத்தால் அது பரிசுத்தமாகிவிடாது. மருமகளின் சங்கிலி அந்த மாமனாருடையது அல்ல. தம்முடையதல்லாததை ஒருவர் தேவனுக்குக் கொடுக்க முடியாது.

அப்படியானால் விதவையின் இரண்டு காசு? அவள் தன் கையிலிருந்ததைக் கொடுத்தாள். அடகுக்கடைக்குப் போய்க் கொண்டுவரவில்லை. மேலும் அந்தச் சம்பவத்துக்கு முந்தின வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற மதத் தலைவர்களைக் குறித்து ஆண்டவர் எச்சரிக்கிறார் (மாற்கு 12:40). காணிக்கை கொடுப்பவர்கள் இரண்டு காசைத் தியானிக்கட்டும். காணிக்கை வாங்குகிற எங்களைப் போன்றவர்கள் 40-ஆம் வசனத்தைத் தியானிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பவுல் அப்போஸ்தலன் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தவர். அவரே கொரிந்து சபைக்கு எழுதும்போது, மனவிருப்பம் இருந்தால் ஒருவனிடத்தில் உள்ளதற்குத் தக்கதாகவே தேவன் அதை அங்கீகரிக்கிறார், இல்லாததற்குத் தக்கதாக அல்ல என்று போதிக்கிறார் (2 கொரிந்தியர் 8:12). மற்றவர்களுக்கு இளைப்பாறுதலும் உங்களுக்கு உபத்திரவமும் உண்டாக வேண்டுமென்று தாம் கேட்கவில்லை என்றும் அடுத்த வசனத்திலேயே தெளிவுபடுத்துகிறார்.

"அப்படியானால் கடன் தீரும் வரை தசமபாகத்தை நிறுத்திவிடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். இதில் எல்லாச் சபைகளுக்கும் ஒரே போதனை இல்லை. எங்கள் ஆலோசனை இது: நன்றி செலுத்தும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள், சிறிதானாலும் கையிலிருப்பதிலிருந்து கொடுங்கள். ஆனால் காணிக்கைக்கென்று புதுக் கடன் ஒருபோதும் வாங்காதீர்கள். கட்டடம், கட்டில், கருவி போன்ற விசேஷித்த பொருத்தனைகள் கடன் தீரும் வரை காத்திருக்கலாம். மிசோரம் சபையின் ஸ்திரீகள் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தேவனுக்கென்று எடுத்து வைத்துவருகிறார்கள். பெரிய ஊழியங்கள் அந்தப் பிடி அரிசியால் நடந்தன. யாரும் அரிசியைக் கடன் வாங்கிப் பிடி அரிசி எடுப்பதில்லை.

5. மீந்ததைக் கொண்டு பிழைப்பது

கடனில்லாத பங்காளர்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் வருஷம் 30 பவுன் வருமானம் பெற்றபோது 28 பவுனில் ஜீவித்து 2 பவுனைக் கொடுத்தார். மறு வருஷம் வருமானம் 60 பவுனாயிற்று. அப்போதும் 28-லேயே ஜீவித்து 32 பவுனைக் கொடுத்தார். வருமானம் ஏறும்போது நாம் முதலில் ஏற்றுவது செலவைத்தான். வெஸ்லி கொடையை ஏற்றினார். சம்பளம் உயர்ந்த வருஷத்தில் புது வண்டிக்குத் தவணை எழுதுமுன் இதை நினைத்துக்கொள்ளுவோம்.

பிழைப்பதில் வியாதிக்கு ஆயத்தமாவதும் அடங்கும். ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் நாம் உண்மையுள்ளவர்கள் அல்ல.

* ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வரவு, செலவு, கடன், வட்டி நான்கையும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை குடும்ப ஜெபத்துக்குப் பின் வீட்டார் எல்லாரும் கேட்க வாசியுங்கள்.
* அதிக வட்டிக் கடனை முதலில் தீருங்கள். முடிந்தால் அதைக் குறைந்த வட்டிக்கு மாற்றுங்கள்.
* மூன்று மாதச் செலவுக்கான தொகையை, சிறுகச் சிறுகவாவது, வங்கியிலோ தபால் நிலையத்திலோ தனியே சேருங்கள். வங்கியில் ஒருவர் பேரிலுள்ள வைப்புக்கு 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்பவர்களுக்கு அப்படி ஒன்றுமில்லை. அவர்கள் வேத வசனத்தோடு வந்தாலும் நம்பாதீர்கள்.
* வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையைச் சுகமாயிருக்கும்போதே வாங்கி வையுங்கள். வலி வந்த பிறகு சான்றிதழுக்கு அலைவது மிகுந்த வேதனை.
* 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு, வங்கிக் கணக்கின் வழியாக வருஷம் 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஒரு வேளைக் காப்பியின் விலைதான்.
* எல்லாக் கணக்குகளிலும் வாரிசுதாரர் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

முடிவாக

அந்த மாமனாரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனோம். "கொடுத்தவன் இப்போது கையேந்துகிறேனே ஐயா" என்று அவர் அழுதார். நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பிரசவ பில்லின் ஒரு பகுதியை ஏழை நோயாளிகள் நிதியிலிருந்து ஏற்றுக்கொண்டபோது அவர் மறுத்தார். "நீங்கள் பாத்திரம் கொடுத்தீர்கள். இப்போது உங்கள் பாத்திரம் நிரம்பட்டும்" என்று சொன்ன பிறகே சம்மதித்தார். நகைக் கடன் கூட்டுறவு வங்கிக்கு மாற்றப்பட்டது. மகனும் தகப்பனுமாக மாதந்தோறும் கட்டினார்கள். குழந்தை நடக்கத் துவங்கிய சில மாதங்களில் சங்கிலி வீடு வந்தது. அந்த மகள் அதைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி எங்கள் சிற்றாலயத்துக்கு வந்து ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். எவ்வளவென்று நாங்கள் பார்க்கவில்லை. அது அவளுடைய சொந்தக் காசு. அவ்வளவே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

அதன்பின் மருத்துவமனை ஞாயிறு ஆராதனையில் மூன்று காரியங்களை மாற்றியிருக்கிறோம். பொருத்தனை செய்பவர்களின் பெயரையும் தொகையையும் வாசிப்பதில்லை. அன்றே எழுதி வாங்காமல், வீட்டாரோடு பேசி ஒரு வாரம் கழித்து அனுப்பும்படி படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். கட்ட முடியாமல் போனவர்கள் ஒரு வரி எழுதினால் பொருத்தனையை ரத்து செய்து, அவர்களுக்காக ஜெபிக்கிறோம்; காரணம் கேட்பதில்லை. இதனால் கொடை குறைந்துபோகுமோ என்று எங்கள் கமிட்டியில் பயந்தவர்களும் உண்டு. குறைந்தாலும், மருமக்களின் கழுத்திலிருந்து வருகிற பணத்தில் எங்கள் கட்டில்கள் நிற்க வேண்டாம்.

பங்காளரே, உங்கள் வீட்டில் வட்டிக் கடன் இருக்கிறதா? இந்த வருஷம் எங்கள் கவரை வெறுமையாகத் திருப்பி அனுப்புங்கள். உள்ளே ஒரு ஜெப விண்ணப்பம் மாத்திரம் வையுங்கள். அதையும் காணிக்கையாகவே பெற்றுக்கொள்ளுவோம்.

சிந்திக்க:

1. நம் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த கடன் ஏதேனும் உண்டா?
2. நாம் கடைசியாகக் கொடுத்த காணிக்கை யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்பட்டது?
3. கடனில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு நம் சபை கொடுக்கக் கூடிய வெறும் பாத்திரம் எது?

ஜெபம்:

எல்லாவற்றுக்கும் சொந்தக்காரராகிய ஆண்டவரே, நாங்கள் உம்முடைய உக்கிராணக்காரர்கள். எங்கள் கணக்கை மறைக்காமல் உமக்கு முன்பாகத் திறந்துவைக்கத் தைரியம் தாரும். கடனில் தவிக்கிறவர்களை விடுதலையாக்கும். கொடுக்கிற கைகளையும் வாங்குகிற கைகளையும் சுத்திகரியும். இயேசுவின் மூலம் வேண்டுகிறோம் பிதாவே. ஆமென்.